முழு ஃபுட்டேஜையும் பார்க்கிறவன் சொல்வது

கல்யாண வீடியோ எடிட் செய்வது பாதி நேரம் ஆட்களின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலைதான். கும்பகோணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி மறுநாள் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு உட்கார்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: கோமாளியாகத் தெரியாத மனிதர் என்று உலகத்தில் யாருமே கிடையாது. பாதிக் கொட்டாவியில் மாட்டிய சம்பந்தி. இலையில் ரசம் ஓட, சாதத்தால் கரை கட்டப் பார்த்துத் தோற்றுப்போகும் பெரியவர். தாலி ஏறும் நேரத்தில் அழுவதா சிரிப்பதா என்று முடிவெடுக்க முடியாமல் இரண்டையும் ஒரே முகத்தில் செய்துவிடும் அம்மா. கெட்டிமேளச் சத்தத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நம்பி மூக்கில் விரலை விட்ட தாய்மாமன். இவற்றையெல்லாம் நாங்கள் வெட்டிவிடுவோம். வெட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. வெட்டினோம் என்பதும் யாருக்கும் தெரியாது.

நாகஸ்வரக்காரர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். உப்பிய கன்னத்தையும் பிதுங்கும் கண்ணையும் மட்டும் குளோசப்பில் எடுத்து ஒலியை அணைத்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வித்துவானும் சிரிப்புப் பொருள்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையையே இந்தக் காலத்தில் ஒருவன் ஒலியில்லாமல் 10 வினாடி எடுத்துப் போட்டிருந்தால், அவர் முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கராகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒலியை வைத்தால் தோடி ராகம்.

இதைச் சொல்வதற்குக் காரணம், இன்று போனைத் திறந்தால் ஓடுகிற 'ஃபன்' வீடியோக்களில் பெரும்பங்கு எங்கள் வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. நாங்கள் வெட்டி எறிவதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்ச ஆளை எறிந்துவிடுகிறார்கள். பஸ்ஸில் தனக்குத் தானே பேசிக்கொண்டு வருபவர், தடித்த உடம்போடு ஜீன்ஸ் போட்ட அக்கா, கோயில் வாசலில் ஆடுகிற பாட்டி, துணிக்கடைக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தலைவாரிக்கொள்ளும் திருநங்கை. எடுக்கிறவனுக்கு அவர் யாரென்று தெரியாது. பின்னணியில் ஏதாவது ஒரு சினிமா காமெடி வசனம், ஒரு ஜூம், திரும்பத் திரும்ப மூன்று தடவை அதே அசைவு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை. முடிந்தது. தொழில்காரனாகச் சொல்கிறேன், இதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிரிப்பு அந்த மனிதரிடம் இல்லை, டைம்லைனில் கத்தரி விழுந்த இடத்தில் இருக்கிறது.

அமெரிக்காவில் டெக்சாஸைச் சேர்ந்த லிசி வெலாஸ்க்கெஸ் என்பவருக்கு உடம்பில் கொழுப்பு சேராத அரிய பிறவிக் குறைபாடு. எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது. 2006இல், 17 வயதில், யூடியூபில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோது தன் முகத்தையே அங்கே கண்டார். உலகிலேயே அவலட்சணமான பெண் என்று தலைப்பு வைத்திருந்தார்கள். வீடியோ 8 வினாடி. ஒலி கிடையாது. அதற்குள் 40 லட்சம் தடவைக்கு மேல் பார்க்கப்பட்டிருந்தது. பிற்பாடு அவர் மேடை ஏறிப் பேசுகிறவராகி, அந்தப் பேச்சுகளையும் லட்சக்கணக்கானவர்கள் கேட்டார்கள். எடிட்டர் புத்திக்கு அந்த 'ஒலி கிடையாது' என்பதுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. ஒலி இருந்திருந்தால் அந்தப் பெண் ஏதாவது பேசியிருப்பார். பேசிவிட்டால் ஆள் ஆகிவிடுவார். அப்புறம் சிரிப்பது கொஞ்சம் கஷ்டம்.

நம் நாட்டிலும் ஒன்று நடந்தது. 2015 ஆகஸ்டில் தில்லி மெட்ரோ ரயிலில் சீருடையோடு ஒரு காவலர் தள்ளாடித் தள்ளாடி நின்று, கடைசியில் விழுகிற வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. குடிகாரப் போலீஸ் என்று எல்லோரும் சிரித்தார்கள், டிவிக்காரர்களும் ஓட்டித் தள்ளினார்கள். கேரளத்துக்காரர். தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். பிறகுதான் தெரிந்தது, அவருக்கு முன்பே பக்கவாதம் வந்து உடம்பு பாதிக்கப்பட்டிருந்தது. வேலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதில் எனக்குப் பிடிபடாதது ஒன்று: அந்தப் பெட்டியில் அவ்வளவு பேர் இருந்தார்களே, ஒருவராவது பக்கத்தில் போய் "என்ன சார், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டிருந்தால் அந்த வீடியோவே உருவாகியிருக்காது. கேமராவைத் தூக்குகிற கை தாங்குவதற்குப் போவதில்லை. ஒரு கையில் இரண்டு வேலை முடியாது.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிறு பாடைக் காவடி. கேள்விப்படாதவர்களுக்கு: உயிரோடு இருக்கிற ஆளைப் பிணம்போல் பாடையில் படுக்க வைத்து, முன்னால் ஒருவர் தீச்சட்டி ஏந்திப் போக, சொந்தக்காரர்களே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். குடமுருட்டி ஆற்றில் குளித்துவிட்டு அங்கிருந்து கிளம்புவார்கள். கோயிலைச் சுற்றி வந்தபின் ஆள் எழுந்துவிடுவார். அன்றைக்கு ஊர் நகர இடமில்லாமல் இருக்கும்.

இதை 15 வினாடிக்கு வெட்டிப் பாருங்கள். பாடையில் படுத்திருக்கிறவர் ஈ உட்கார்ந்ததும் மூக்கைச் சுளிக்கிறார். அவ்வளவு போதும், அதற்கு மேல் ஒரு வடிவேலு வசனத்தை ஒட்டினால் லட்சம் வியூ நிச்சயம். கீழே வருகிற கருத்துகளும் நமக்குப் பாடம்தான்: காட்டுமிராண்டிக் கூட்டம், ஐநூறு ரூபாய்க்கு நடிக்கிறான், இவனை நிஜமாகவே கொளுத்துங்கடா.

வெட்டாத ஃபுட்டேஜ் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். அந்த ஆள் போன வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பார். டாக்டர் கையை விரித்திருப்பார், அல்லது விரித்ததாக வீட்டில் நினைத்திருப்பார்கள். அவர் மனைவியோ அம்மாவோ வராந்தாவில் உட்கார்ந்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பார்: பிழைத்துக் கொடு, பாடையில் கொண்டுவந்து உன் வாசலில் கிடத்துகிறேன். செத்துப் பிழைத்தவர் செத்ததாகவே ஒரு தடவை நடித்துக்காட்டிக் கணக்கை முடிக்கிறார். தூக்குகிற நாலு பேரில் ஒருவன் தம்பியாக இருப்பான். அவன் அழுதுகொண்டே தூக்குவான், ஏனென்றால் போன வருஷம் நிஜமாகவே தூக்க வேண்டியிருக்கும் என்று பயந்தவன். எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. பாடைக் காவடியால் யாருக்கும் உடம்பு சரியாகும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தம்பியின் முகத்தை வைத்துக்கொண்டு மூக்கு சுளித்ததற்குச் சிரிக்கச் சொன்னால் முடியாது. அதனால்தான் அவனை வெட்டிவிடுகிறார்கள்.

சாமி ஆடுவதும் அப்படித்தான். ஆடி வெள்ளிகளில் புன்னைநல்லூரிலோ சமயபுரத்திலோ ஒரு பெண்ணுக்கு அருள் வந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்ன செய்வார்கள் என்று பாருங்கள். ஒருத்தி பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். ஒருத்தி விலகிய சேலையைச் சரிசெய்வாள். ஒரு கிழவி எலுமிச்சம்பழத்தோடு தயாராக நிற்பாள். ஆடுகிறவள் கீழே விழக்கூடாது, மானம் போகக்கூடாது என்று ஒரு சிறு படையே வேலை செய்யும். ரீல்ஸில் அந்தப் படை ஃபிரேமுக்கு வெளியே போய்விடுகிறது. மிச்சம் இருப்பது தலைவிரி கோலமாக ஒரு பெண், பின்னணியில் குத்துப் பாட்டு.

இங்கே ஒரு பேச்சு வரும்: 'அந்தக் காலத்தில் கிராமத்தில் இப்படியெல்லாம் கிடையாது, எல்லாரையும் அரவணைத்தோம்.' சும்மா. அரவணைத்த லட்சணம் பட்டப்பேர்களிலேயே தெரியும். நொண்டி, செவிட்டு மாமா, ஒண்ணரைக் கண்ணன், அரை லூசு. நக்கலுக்கு டெல்டாவில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை, மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம்கூட. வித்தியாசம் மனசில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. செவிட்டு மாமா என்று கூப்பிட்டவன் மறுநாள் அவர் வயலுக்குத்தான் நடவுக்குப் போகவேண்டும். அவர் திருப்பி ஒன்று சொல்லுவார், அவன் அப்பன் பட்டப்பேரைச் சொல்லியே சொல்லுவார். திண்ணையில் தொடங்கியது திண்ணையிலேயே முடிந்துபோகும். இப்போது சிரிக்கிறவர் திருச்சியிலோ துபாயிலோ இருக்கிறார். யாருக்கு என்ன பதில் சொல்வது?

இந்தக் கதை பழசு என்பதற்குத் திருவாரூரே சாட்சி. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்களே, அந்தக் கமலாலயக் குளத்தின் கரையில்தான் நாயன்மார்களில் ஒருவரான தண்டியடிகள் கதை நடக்கிறது. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குளம் தூர்ந்துபோய்ச் சுருங்குகிறது என்று தெரிந்துகொண்டு தானே தோண்டக் கிளம்பினார். எப்படித் தோண்டினார் என்பதைச் சேக்கிழார் விட்டுவிடாமல் சொல்கிறார்: குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு, இரண்டுக்கும் நடுவே கயிறு. கயிற்றைத் தடவிக்கொண்டே கீழே போவார், மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளுவார், கயிற்றைத் தடவிக்கொண்டே மேலே வந்து கொட்டுவார். சுற்றி நின்றவர்கள் வேண்டாம் என்றார்கள், அவர் கேட்கவில்லை. கண்தான் இல்லை, காதும் போய்விட்டதா என்று கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களைச் சமணர்கள் என்கிறது பெரியபுராணம். அந்தச் சைவ-சமணச் சண்டையும், கடைசியில் இவருக்குக் கண் வந்து அவர்களுக்குக் கண் போன முடிவும் எனக்கு வேண்டாம். கேலி செய்கிறவர்களைக் குருடாக்குவது நல்ல தண்டனையாகவும் படவில்லை. எனக்கு வேண்டியது அந்தக் கயிறுதான்.

கரையில் நின்று சட்டென்று பார்த்தவனுக்கு ஒரு குருடர் கயிற்றைப் பிடித்துத் தட்டுத்தடுமாறுவது மட்டும் தெரிந்திருக்கும். ஒரு நடை போய்வரும்வரை நின்று பார்த்திருந்தால் அதில் இருக்கிற பொறியியல் புரிந்திருக்கும். சரி, அப்படி நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது? அன்றைக்கும் இல்லை. கேலி செய்தவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? கம்பைப் பிடுங்கிப்போட்டு மண்வெட்டியையும் கூடையையும் பறித்துக்கொண்டார்கள். கேலி கேலியோடு நிற்பதில்லை.

எனக்கு நேரில் தெரிந்த ஒன்று. டெல்டாவில் அநேகமாக எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் ஒருவர் இருப்பார், போலீஸும் இல்லை ஒன்றும் இல்லை, கழுத்தில் ஒரு விசிலோடு பஸ்களை உள்ளே விடுவார் வெளியே விடுவார். நான் அடிக்கடி வேலைக்குப் போகிற ஓர் ஊரிலும் உண்டு. ஊர்ப் பெயர் வேண்டாம். டிரைவர்கள் அவருக்குக் கட்டுப்பட்டுத்தான் வண்டியைத் திருப்புவார்கள். சில பேர் சல்யூட் அடிப்பார்கள், அவரும் அடிப்பார். டீக்கடையில் காலையில் ஒரு டீ, பொறை. அவர் கை காட்டுவதில் தப்பு கிடையாது என்பதையும் சொல்லவேண்டும், மன்னார்குடி வண்டி எந்த நேரத்துக்கு எந்த இடத்தில் நிற்கும் என்பது டைம் கீப்பரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவர் கை காட்டுவதை யாரோ ரீல்ஸ் போட்டார்கள். நன்றாக ஓடியது. அதன்பின் பையன்கள் வர ஆரம்பித்தார்கள். தூரத்தில் நின்று அவர் மாதிரியே விசில் அடிப்பது, அவர் குழம்பிப்போய் இரண்டு பக்கமும் ஓடுவதை எடுப்பது. இருபது ரூபாய் கொடுத்து ஆடச் சொல்வது. ஆடமாட்டேன் என்றால் விசிலைப் பறித்துக்கொண்டு ஓடுவது. அவர் துரத்திக்கொண்டு வந்தால் அது இன்னும் நல்ல வீடியோ. டீக்கடைக்காரர் ஒரு தடவை சூடான தண்ணீரோடு இறங்கி வந்தார். அதையும் எடுத்துப் போட்டார்கள்.

என்னிடம் லைட் பிடிக்க வருகிற தம்பி ஒருவன் இன்ஸ்டாவில் பேஜ் நடத்துகிறான். கெட்ட பையன் இல்லை, வீட்டுக்கு ஒரே சம்பாத்தியம் அவனுடையது. அவன் பேஜிலும் இந்த ஆளின் வீடியோ ஒன்று இருந்தது. கேட்டேன்.

"அண்ணே, அவரே போஸ் குடுக்குறாருண்ணே. யாரும் கட்டாயப்படுத்தல."

"எதுக்கு எடுக்குறாங்கன்னு அவருக்குத் தெரியுமாடா?"

"அது தெரியாதுண்ணே." கொஞ்சம் யோசித்தான். "வேணும்னா மூஞ்சிய பிளர் பண்ணிடவா?"

"பிளர் பண்ணுனா கோயம்புத்தூர்க்காரனுக்குத் தெரியாது. அவரு தங்கச்சி பசங்க இந்த ஊர்லதானே படிக்குதுங்க? அதுங்களுக்கு விசில் சத்தமே போதும்."

அவனிடம் பேசியதில்தான் இந்தத் தொழிலின் கணக்குப் புரிந்தது. பேஜை வளர்க்க ஆட்கள் வேண்டும். கோயில், ஆறு, வயல் போட்டால் கொஞ்சம் பேர்தான் பார்க்கிறார்கள். யாரையாவது கேலி செய்தால் ஷேர் ஆகிறது. ஃபாலோயர் ஏறியதும் பிரியாணிக் கடைத் திறப்பு, துணிக்கடை ஆடித் தள்ளுபடி என்று விளம்பரம் வரும், அதில்தான் காசு. ஆக பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதுகிறவர் யாரோ ஒரு கடைக்குச் சம்பளமில்லாமல் ஆள் பிடித்துக் கொடுக்கிறார். இன்னொன்றும் சொன்னான்: "திட்டிக் கமெண்ட் போடுறவங்கதாண்ணே நமக்கு சாமி. அவங்க போடப் போடத்தான் இன்னும் நாலு பேருக்குப் போய்ச் சேரும்." நியாயம் கேட்டு ஆவேசமாக எழுதுகிற நாமும் அந்தக் கடைக்கு விளம்பரப் பலகை தூக்குகிறோம் என்று அர்த்தம். இதைப் படிக்கிறவர்கள் அப்படியொரு வீடியோவைக் கண்டால், உள்ளே போய்ச் சண்டை போடுவதைவிட ரிப்போர்ட் பட்டனை அழுத்திவிட்டு நகர்வது உபயோகம்.

சிரிக்கவே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் சிரிக்கலாம். 2019 மே மாதம் கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை செய்தது. நானும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தேன். சுத்தியல் தலையில் விழுந்த வடிவேலு சம்பளம் வாங்கிக்கொண்டு, நாம் சிரிக்கவேண்டும் என்றே விழுந்தவர். மெட்ரோவில் விழுந்தவர் அப்படி விழவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று வக்கீல் நண்பரிடம் கேட்டுப் பார்த்தேன். மாற்றுத்திறனாளி ஒருவரை நாலு பேர் பார்க்கிற இடத்தில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92ஆம் பிரிவில் 6 மாதத்துக்குக் குறையாத சிறை, 5 ஆண்டு வரை போகலாம். அவதூறு வழக்கும் உண்டு. ஆனால் விசில் ஊதுகிறவர் எந்த வக்கீலைப் பார்ப்பார்? அதற்காக இணையத்தில் யார் மனமும் புண்படக்கூடாது என்று பொத்தாம்பொதுவாக ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கவும் எனக்குப் பயம். அப்படியொன்று இருந்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ. 2012இல் புதுச்சேரியில் ஒரு வியாபாரியை அதில்தான் பிடித்தார்கள், அன்றைய மத்திய நிதி அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காக. எளியவரைக் காக்க வந்த சட்டம் யாரைக் காத்தது பாருங்கள். 2015இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நல்லதுதான். அமெரிக்காவில் ஒரு மாடல் அழகி, ஜிம்மில் உடை மாற்றும் அறையில் 70 வயதுப் பெண்மணி ஒருவரை அவருக்குத் தெரியாமல் படமெடுத்துக் கேலி செய்து போட்டார். 2017இல் அவருக்குக் கிடைத்த தண்டனை, 30 நாள் பொதுச் சுவர்களில் இருக்கிற கிறுக்கல்களை அழிக்கும் வேலை. யோசித்துக் கொடுத்த தண்டனை மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் ஸ்டுடியோவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கல்யாண வீட்டு டிஜேயில் யார் ஆடினாலும் ஹைலைட்ஸ் ரீல்ஸில் போடுமுன் ஆடியவரிடமே காட்டுவோம். மாப்பிள்ளையிடமோ அவர் அப்பாவிடமோ இல்லை. அண்மையில் ஒரு பெண் வீட்டுச் சித்தப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உருண்டு ஆடினார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு. காட்டினேன். முழுசாகப் பார்த்துவிட்டு, "போடுங்க தம்பி. ஆனா அந்த உருள்றதுக்கு முன்னாடி பொண்ணு வந்து என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போச்சுல்ல, அதையும் சேத்துப் போடுங்க" என்றார். சேர்த்தேன். ரீல்ஸ் நீளமாகிவிட்டது, அவ்வளவாக ஓடவில்லை.

தம்பி அவன் பேஜில் இருந்த விசில்காரர் வீடியோவை எடுத்துவிட்டான். நான் மிரட்டியெல்லாம் இல்லை, அவனாகத்தான் எடுத்தான். அதற்குள் மற்ற பேஜ்காரர்கள் இறக்கி, மூலையில் தங்கள் லோகோவை ஒட்டி, திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொருவருக்காக மெசேஜ் அனுப்பிக்கொண்டிருக்கிறான். சிலர் நீக்கிவிட்டார்கள். சிலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். ஒரு பேஜிலிருந்து மட்டும் அனுப்பிய மறு நிமிடமே பதில் வந்ததாகக் காட்டினான்: "வணக்கம் ப்ரோ, ப்ரமோஷனுக்கா? ரேட் கார்டு அனுப்பவா?"